தீயணைப்பு வேலைக்குப் பெண் பிள்ளை போகலாமா? திருகோணமலையில் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருக்கடலூர்ப் பிள்ளை எழுதியது:

வணக்கம். எனக்கு 23 வயது. உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதினேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் காசாளர். காசாளர் என்பது பெயருக்குத்தான்; லொறி வந்து நின்றால் சீமெந்து மூட்டையின் ஒரு தலைப்பில் பையன்களோடு நானும் நிற்பேன். தீயணைப்புப் படையில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு பதில் எழுதலாம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் குசினியில் எரிவாயு சிலிண்டர் பற்றிக்கொண்டது. 2021ஆம் ஆண்டுக் கடைசியில் நாடு முழுவதும் அடுப்பு வெடித்த செய்தி வந்த பிறகு, சிலிண்டர் என்றாலே ஓடுகிற சனம் நாங்கள். பாதிப் பேர் ஓடினோம். மீதிப் பேர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனார்கள். தீயணைப்புக்காரர்கள் மட்டும் நிதானமாக நடந்து வந்தார்கள். ஒருவர் குழாய் முனையைத் திருகித் தண்ணீரைக் குடைபோல விரித்துப் பிடித்தார். அதற்குப் பின்னால் குனிந்தபடி இருவரும் சேர்ந்தே அடி எடுத்து வைத்து நெருங்க, மற்றவர் கையை மட்டும் நீட்டி வால்வைத் திருகினார். தீ நின்றது. முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர்களோ சிலிண்டர் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவர் கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சிலிண்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். அந்த வேலையில் என்னால் செய்ய முடியாதது எது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா சம்மதம். மாமாதான் குதிக்கிறார். "இரவில் ஆம்பிளைகளோடு ஒரே கட்டடத்தில் படுக்கிற வேலையா?" என்கிறார். போதாதற்கு, ஓர் இடத்தில் வெளியான விளம்பரத்தில் "விண்ணப்பதாரர் ஆணாக இருத்தல் வேண்டும்" என்று பார்த்தேன். தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர் சிரித்துவிட்டு, "கணினிப் பக்கம் வெற்றிடம் வரும் தங்கச்சி, அதற்குப் போடுங்கள்" என்றார்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பாடசாலையில் வலைப்பந்து விளையாடினேன். நீச்சல் தெரியும், கடலில் பழகியது, பாணி ஒன்றும் இல்லை. இந்த வேலைக்கு எங்கே, எப்படிப் போவது? உண்மையில் எவ்வளவு பலம் வேண்டும்? உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கந்தளாய்க் கோப்புக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் உள்ளூராட்சி அலுவலகங்களில் கோப்புப் புரட்டியே தலை நரைத்தவன். ஒளிக்காமல் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எழுதுங்கள். ஓய்வூதியம் உண்டு, மாலையில் வீட்டில் நிற்கலாம். மூன்றாம் மாடியில் 90 கிலோ ஆள் மயங்கிக் கிடந்தால் யார் தூக்கி வருவது? உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்தடி இரண்டு அங்குலம் என்று எழுதியது நீங்கள்தான்.

---

பழைய பம்ப்காரர் எழுதியது:

பிள்ளை, நான் சீனன்குடாப் பக்கம் ஒரு நிறுவனத்தின் தீயணைப்புப் பிரிவில் பம்ப் இயக்குநராகச் சேர்ந்து, பிரிவுத் தலைவராக ஓய்வுபெற்றவன். மேலே தம்பி கேட்ட 90 கிலோ ஆளை முதலில் கீழே இறக்கிவிட்டு மற்றதைக் கதைப்போம்.

யாரும் அவரைத் தூக்குவதில்லை, தம்பி. தோளில் போட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து நடந்து வருவது சினிமாவில். புகையும் சூடும் மேலே ஏறும். மூச்சு விடக்கூடிய கொஞ்சக் காற்றுத் தரையோடுதான் கிடக்கும். மயங்கியவரைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால் கொல்லுகிற புகைக்குள் கொண்டுபோய் வைத்தது போலாகும். பட்டியையோ போர்வையையோ அக்குளுக்குக் கீழே கொடுத்து, தரையோடு இழுப்போம். இருவர் இழுப்போம். தனியாக ஆளை உள்ளே விடுகிற தலைவன் தலைவனே அல்ல.

அடுத்தது குழாய். வெறும் குழாயைச் சுருட்டித் தோளில் கொண்டு போகலாம், பாரம் பெரிதில்லை. தண்ணீர் ஏறிய பிறகு கணக்கு மாறும். 45 மில்லிமீற்றர் குழாய் 20 மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 32 லீற்றர் பிடிக்கும். 64 மில்லிமீற்றர் என்றால் அதே நீளத்துக்கு 64 லீற்றர். அதாவது அத்தனை கிலோ. அதனால்தான் தண்ணீரைத் திறக்க முன்னரே குழாயை எங்கே போட வேண்டும், எந்த மூலையில் வளையம் விட வேண்டும் என்று பார்த்துப் போடச் சொல்லுவோம். தப்பாகப் போட்டவன் எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் கதவு நிலையில் மாட்டிய குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பான். என் கீழ் வேலை செய்தவர்களில் உடம்பால் பெரியவன் ஒருவன் இருந்தான். ஏணியில் மூன்றாவது படியில் கால் நடுங்கும். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், அவன் பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும்.

காற்றும் அப்படித்தான். முதுகில் மாட்டும் உருளை 6 லீற்றர். அதில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 1,800 லீற்றர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 40, 50 லீற்றர் போகும். பதறுகிறவனுக்கு அதைவிட வேகமாகப் போகும், காற்றுக் குறைகிறது என்று கருவியின் விசில் அடித்ததும் கூட வந்தவனையும் இழுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான். நிதானமாக மூச்சு விடுகிறவரையே முதலில் உள்ளே அனுப்புவேன். நீர் அந்த இருவரும் ஓடவில்லை என்று கவனித்து எழுதியிருக்கிறீர் பாரும், அதைக் கவனித்த கண்ணை மதிக்கிறேன். சிலிண்டரைக் குளிரவைத்ததையும் புறங்கையையும் பார்த்திருக்கிறீர். எங்களிடம் பயிற்சிக்கு வந்த சில பையன்களுக்கு அதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

இது திருகோணமலை என்பதையும் யாரும் மறக்க வேண்டாம். சீனன்குடாக் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஒரு தாங்கி பற்றியது. ஏழு நாள் எரிந்தது என்று எங்கள் அப்பா காலத்து ஆட்கள் சொல்லுவார்கள். எண்ணெய்த் தீக்கு முன்னால் யாருடைய புஜமும் எடுபடாது. எரிகிற எண்ணெயில் நேராகத் தண்ணீரைப் பீச்சினால் தண்ணீர் கீழே போய்க் கொதிக்கும். நீராவியாகும்போது 1,700 மடங்கு விரியும். மேலே கிடக்கும் எண்ணெயைத் தூக்கி உம்முடைய தலையில் எறியும். நுரையால் மூட வேண்டும். பக்கத்துத் தாங்கியைத் தண்ணீரால் குளிரவைக்க வேண்டும். நுரை எவ்வளவு இருக்கிறது, எத்தனை நிமிடத்துக்குக் காணும், பவுசர் எப்போது திரும்பி வரும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2020 செப்ரெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' கப்பல் எரிந்தது நினைவிருக்கிறதா? 270,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிய கப்பல். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்து ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி இறந்தார். தீ எண்ணெய் அறைகளுக்குப் போகாமல் நாட்கணக்கில் தண்ணீர் அடித்துக் காத்தார்கள். அப்படி நின்று பிடிக்கிற வேலை இது.

இனி மாமாவின் கதை. அவர் கேட்டதில் பாதி நியாயம். எங்கள் இடத்துக்கு ஒரு பெண் பிள்ளை விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். மேலிடம் என்ன சொன்னது தெரியுமா? உடை மாற்ற அறை இல்லையாம், தனிக் கழிவறை இல்லையாம். அதே வருடம் சுற்றுமதிலுக்கு இரண்டு தடவை வர்ணம் பூசினார்கள். மதிலில் யாரும் உடை மாற்றப் போவதில்லை. ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை, ஒரு கழிவறை, இரண்டு கட்டில். அவ்வளவுதான் செலவு. அதைக் கட்டாதவர்கள் பெண்ணுக்குப் பலம் காணாது என்று கதைப்பதை நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மாமாவை அறையைப் பற்றிக் கேட்கச் சொல்லும். உம்மைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

உமக்கு நான் சொல்லுகிற பயம் வேறு. எங்கள் காலத்தில் கரி பிடித்த மேலங்கிதான் பெருமை. அதைப் படுக்கிற அறையிலேயே தொங்கவிட்டோம். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீயணைப்பாளராக வேலை செய்வதையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என்னோடு வேலை செய்தவர்களில் யார் யார் எப்படிப் போனார்கள் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. சேர்ந்தால் உடுப்பை நிலையத்திலேயே கழுவும். புகை அடங்கிய பிறகும் முகமூடியைக் கழற்ற வேண்டாம், எரிந்ததைக் கிளறும்போதுதான் நஞ்சு கூடுதலாக உள்ளே போகும். கரி உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

---

மூதூரிலிருந்து வந்தவள் எழுதியது:

ஐயா எழுதியதை எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டலாம் போல இருக்கிறது. நான் மூதூரில் பிறந்தவள், இப்போது தென் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில். பகலில் மருந்துக்கடையில் வேலை, அழைப்பு வந்தால் தீயணைப்பு. இங்கே அப்படி ஒரு முறை உண்டு: நிலையத்துக்கு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் பேஜரோடு திரிவோம். அடித்தால் இருந்தபடி ஓட வேண்டும். இடியப்பம் பாதியில் கிடக்க ஓடியிருக்கிறேன்.

தங்கச்சி, பலம் எவ்வளவு என்று கேட்டீர்கள். இங்கே நுழைவுத் தேர்வில் 55 கிலோ பொம்மையை 30 மீற்றர் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஏணியின் தலைப்பைத் தூக்க வேண்டும், ஏணியில் ஏறி நிற்க வேண்டும், பம்பின் பாகங்களைக் கழற்றிப் பூட்ட வேண்டும். முகமூடியை மறைத்துவிட்டு ஒடுங்கிய குழிக்குள் தவழவிடுவார்கள். பெண்ணுக்கு வேறு அளவுகோல் கிடையாது, அதே பொம்மை, அதே தூரம். பொம்மையை நான் கைகளால் இழுக்கப் பார்த்தபோது அசையவில்லை. பயிற்றுநர் "இடுப்பைத் தாழ்த்து, கால்களால் தள்ளு" என்றார். அதற்குப் பிறகு அது வந்தது. ஆகவே குந்தி எழும்பும் பயிற்சியும் படி ஏறுவதும் செய்யுங்கள். முதுகில் பாரம் கட்டிக்கொண்டு படி ஏறுங்கள், ஏனென்றால் சுவாசக் கருவி, மேலங்கி, சப்பாத்து எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் மான்கள் வேடிக்கை பார்க்கட்டும்.

என்னை அழவைத்தது கையுறை. ஆண்களின் அளவில் தைத்தது. விரல் நுனியில் ஓர் அங்குலம் வெறுமையாகத் தொங்கும், இணைப்பு பூட்டியதா இல்லையா என்று தொட்டு அறிய முடியாது. என் அளவில் ஒரு சோடி வந்த பிறகு யாரும் என்னை மெதுவானவள் என்று சொல்லவில்லை.

மாமாவிடம் காட்டச் சில விவரங்கள். லண்டன் தீயணைப்புப் படை முதல் பெண்ணைச் சேர்த்தது 1982இல். 1988இல் 18 வயதில் சேர்ந்த டேனி கொட்டன் 2017இல் அந்தப் படைக்கே ஆணையாளர் ஆனார். நியூயோர்க்கில் 1977இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தார்கள். உடற்தேர்வில் ஒரு பெண்கூடத் தேறவில்லை. பிரெண்டா பேர்க்மன் என்பவர் வழக்குப் போட்டார். அந்தத் தேர்வு வேலைக்கு வேண்டியதை அளக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது, 1982இல் ஏறத்தாழ 40 பெண்கள் உள்ளே போனார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்பார் மாமா. அப்படியானால் சென்னை. 2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் எழிலகம் கட்டடம் எரிந்தபோது பிரியா உள்ளே போய்க் கடும் தீக்காயம் பட்டார். அதிகாரி என்று வெளியே நின்று கட்டளை மட்டும் கொடுத்தவர் அல்ல.

---

கிண்ணியா ஆசிரியை எழுதியது:

ஒரு விடயத்தை ஆண்கள் யாரும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தீ என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். உடுப்புப் பற்றிக்கொண்ட பெண் ஆண்கள் வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்ட கதை எங்கள் தெருவிலேயே உண்டு. குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்த வீடுகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய்யை எங்கே வைப்பது, சிலிண்டர் குழாயை எப்போது மாற்றுவது என்று குசினிக்குள் வந்து இருந்து சொல்ல ஒரு பெண் உத்தியோகத்தர் வேண்டும். ஆண் வந்தால் வாசலில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார், அது அடுப்பு மூட்டத்தான் பயன்படும்.

இரவு வேலை என்கிறார்கள். குடும்பநல மாது நடு இரவில் பிரசவத்துக்குப் போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது, தாதிமார் போகிறார்கள். முகமாலையில் பெண்கள் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வெயிலில் குந்தியிருந்து கண்ணிவெடி கிளறி எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் எந்த மாமாவும் குதித்ததாகத் தெரியவில்லை.

---

கந்தளாய்க் கோப்புக்காரன் எழுதியது:

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை இறக்கிவிட்டீர்கள். முகாமைத்துவ உதவியாளர் பரீட்சையை எழுதி வைக்கச் சொல்வதை நான் விட மாட்டேன். ஆனால் தங்கச்சி கேட்ட முதல் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, அது என் துறை.

நம் நாட்டில் பொலிஸ் போலத் தீயணைப்புக்கு ஒரே தேசியத் திணைக்களம் இல்லை. 110ஐ அழைத்தால் வருவது அந்தந்த மாநகர சபை, நகர சபையின் பிரிவு. ஆகவே ஆட்சேர்ப்பும் மாகாணத்தோடு போகிறது. கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இதைத் தவிர துறைமுக அதிகார சபைக்கும் விமான நிலையங்களுக்கும் சொந்தத் தீயணைப்புப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளம்பரம். ஒன்றில் இல்லை என்றால் எல்லாவற்றிலும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தொலைபேசியில் கேட்காதீர்கள். தொலைபேசியில் சிரிப்பவர் எழுத்தில் சிரிக்க மாட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தீயணைப்புப் பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தின் பிரதி, அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, 'ஆண்' என்ற நிபந்தனை இருந்தால் அது திட்டத்தின் எந்தப் பந்தியில் இருக்கிறது. இவ்வளவும் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கிடைத்ததற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். சில விளம்பரங்களில் திட்டத்தில் இல்லாத நிபந்தனை பழைய விளம்பரத்தைப் பார்த்துப் பிரதி எடுத்ததால் ஏறியிருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

திட்டத்திலேயே இருந்தால் விடயம் பெரிது. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அடிப்படை உரிமை மனு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், தேதியைத் தவறவிட்டால் கதை முடிந்தது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்குப் போடச் சொல்லவில்லை. கடிதத்தில் அந்த உறுப்புரையின் இலக்கத்தைக் குறிப்பிட்டாலே சில மேசைகளில் தூக்கம் கலையும்.

---

திருக்கடலூர்ப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோப்புக்கார அண்ணாவுக்கு இரண்டு மடங்கு, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வழியைக் காட்டியதற்கு. கடிதத்தை எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கையில் கொண்டு போய்க் கொடுத்து ஒப்பம் வாங்குவேன். செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி வகுப்புக்கும் பெயர் கொடுக்கப் போகிறேன். பழைய பம்ப்காரர் ஐயா எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். 90 கிலோ ஆள் வரை பேசாமல் கேட்டார். மதில் வர்ணம் வந்ததும் சிரித்தார். சம்மதம் என்று சொல்லவில்லை, கழிவறை இருக்கிறதா என்று முதலில் விசாரி என்கிறார். அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

எழுத வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்கிறேன். நான் கண்ணாடி போடுகிறவள். தூரப் பார்வை கொஞ்சம் குறைவு. அதைச் சொன்னால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவார்களா?

---

பழைய பம்ப்காரர் எழுதியது:

ஒளிக்க வேண்டாம், மருத்துவப் பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். எவ்வளவு குறைவு வரை ஏற்பார்கள் என்பது நீர் கேட்டு வாங்கப் போகிற திட்டத்தில் இருக்கும், அந்தப் பந்தியை முதலில் பாரும். சாதாரணக் கண்ணாடியோடு சுவாசக் கருவியின் முகமூடியைப் போட முடியாது. காதுக்குப் போகிற கம்பி விளிம்பைத் தூக்கிவிடும், புகை உள்ளே வரும். அதற்கென்று முகமூடிக்குள்ளேயே பொருத்துகிற சட்டகம் விற்கிறார்கள், உம்முடைய இலக்கத்துக்கு வில்லை போட்டுக்கொள்ளலாம். தாடி வைத்த பையன்களுக்கும் இதே சிக்கல்தான், மயிர் இடையில் நின்றால் விளிம்பு ஒட்டாது. அவர்களுக்குச் சட்டகம் எதுவும் கிடையாது, சவரம்தான். ஒருவன் தாடியை எடுக்க மாட்டேன் என்று பம்ப் பக்கமே கடைசிவரை நின்றான்.

கண் பரிசோதனையை இந்த வாரமே செய்து இலக்கத்தை இங்கே எழுதும். என்னிடம் பழைய முகமூடி ஒன்று கிடக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர் என்றால் போட்டுப் பார்க்கலாம்.